திரும்பாமல் நடப்பவர்

டிராயிங் மாஸ்டர் ஒரே தடவையில் வீட்டை விட்டுக் கிளம்பியதாகச் சரித்திரமே கிடையாது. செருப்பை மாட்டுவார், "வரேம்மா" என்பார், கேட் வரை போவார். அங்கே நின்று சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். கண்ணாடி இருக்காது. திரும்பி வருவார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு "வரேம்மா" சொல்வார். இந்தத் தடவை குடை ஞாபகம் வரும். சில நாள் எதை மறந்தோம் என்பதே மறந்துபோய், கூடத்தின் நடுவில் நின்று சுவரை வெறித்துப் பார்த்துவிட்டு, வந்ததற்கு ஒரு வாய் தண்ணீராவது குடிப்போம் என்று குடித்துவிட்டுப் போவார். அவர் மனைவி மடிக்கணினியை விட்டு நிமிராமலே, "இன்னொரு தடவை வருவீங்கல்ல? அப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க" என்பாள்.

இந்த மனைவி ஒரு பேராசிரியை. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டிகள் ஆளை மோதாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவள் வாழ்நாள் ஆராய்ச்சி. அந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் அவளுடைய கட்டுரையின் நடுவில், நிபந்தனைகளில் ஒன்றாக, இப்படி ஒரு வரி இருக்கிறது: 'சாலையைக் கடக்கத் தொடங்கியவர் வந்த வழியே திரும்ப மாட்டார்.' நாள் தவறாமல் திரும்பி வருகிற ஒரு மனிதரோடு ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்திக்கொண்டு அவள் எழுதிய வரி அது. படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு என்று ஒரு ரகம் உண்டு. இது அந்த ரகம்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு பிரேக்கம்மா என்று பெயர். மாணவர்கள் வைத்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், அவளும் கண்டுகொள்ளவில்லை. அந்தத் துறையில் மற்ற எல்லோரும் வண்டியை ஓட வைப்பவர்கள். இவள் ஒருத்திதான் வண்டி எப்போது நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். ஓட வைப்பவர்களுக்கு மூன்றாவது மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஆய்வுக்கூடம் கிடைத்தது. பிரேக்கம்மாவுக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். நெட்டையான ஆள் யாராவது பேச வந்தால் தலையைச் சாய்த்துக்கொண்டேதான் நிற்க வேண்டும், அவள் சொல்வதை ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். வகுப்பு விடும் நேரத்தில் தலைக்கு மேலே நூறு ஜோடிக் கால்கள் தடதடவென்று இறங்கும், அதுவரை எழுதிக்கொண்டிருந்தது மறந்து போகும்.

அவள் செய்தது சோதனை அல்ல, நிரூபணம். அது என்ன வித்தியாசம் என்று மாஸ்டர் கல்யாணமான புதிதில் கேட்டார். "ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்தேன், மோதலன்னு சொல்றது சோதனை. ஆயிரத்தோராவது தடவை மோதலாம். இன்ன இன்ன நிபந்தனை இருந்தா மோதவே மோதாதுன்னு கணக்குப் போட்டுக் காட்டறது நிரூபணம்" என்றாள். மாஸ்டர் யோசித்துவிட்டு, "நிபந்தனை இல்லன்னா?" என்றார். "அப்ப நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்றுதான் அப்போது தோன்றியது.

கணக்குப் போடுவதற்கு முன்னால், மனிதர்கள் வண்டியின் குறுக்கே எப்படி நடக்கிறார்கள் என்று அளந்து பார்க்க வேண்டும். நடப்பதற்கு ஆள் வைக்க நிதி கேட்டாள். துறைத் தலைவர், "நடக்கறதுக்கெல்லாம் எதுக்கும்மா நிதி?" என்று கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். ஆகவே மாஸ்டர் நடந்தார். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கும் நாட்களில் பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் இருந்த கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். அங்கே தானே ஓடும் ஒரு பழைய பேட்டரி வண்டி. அதன் உச்சியில் கவிழ்த்துப் போட்ட வாளி மாதிரி, சுற்றி இருப்பதை அளக்கும் ஒரு கருவி சுழன்றுகொண்டிருக்கும். பிரேக்கம்மா வாயில் விசிலோடு நிழலில் நிற்பாள். மாஸ்டர் வெயில் தொப்பியோடு வண்டிக்குக் குறுக்கே நடப்பார்.

"நேராப் பாத்து நடங்க! அங்க என்ன வேடிக்கை?"

"காக்கா ஒண்ணும்மா. நல்லா உக்காந்திருக்கு. வரையலாம் போல."

"நடங்க! திரும்பாதீங்க, திரும்பினா கணக்குல சேராது!"

திரும்பினால் கணக்கில் சேராது. இது அவள் கண்டுபிடித்த முறை அல்ல. அளவு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கம் அதுதான். நடப்பவருக்கு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். சொன்னபடி நடக்காவிட்டால் வண்டியின் அந்த ஓட்டத்தைச் செய்முறைப் பிழை என்று தள்ளிவிடுவார்கள். பிறகு மிச்சமிருப்பதை எல்லாம் கூட்டிப் பார்த்து, ஆகா, மனிதர்கள் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறார்கள் என்று வியப்பார்கள்.

ஒரு நாள் காற்றில் மாஸ்டரின் தொப்பி பறந்தது. அவர் சட்டென்று திரும்பி அதைப் பிடிக்கப் போனார். அவர் கடந்து போய்விடுவார் என்று கணித்து, அவர் முதுகுக்குப் பின்னால் நழுவிப் போக இருந்த பேட்டரி வண்டி, நேராக வந்து அவர் முழங்காலுக்குக் கீழே இடித்தது. மெதுவாகத்தான். மாஸ்டர் தொப்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரேக்கம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள், காலைத் தேய்த்துவிட்டாள், சிரித்தாள், கொஞ்சம் திட்டினாள். "சாரிம்மா, திரும்பிட்டேன்" என்றார் அவர். அந்த ஓட்டமும் செய்முறைப் பிழையில் போயிற்று. உண்மை வந்து காலில் இடித்துவிட்டுச் சொன்னது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடித்தார்கள்.

கட்டுரை வெளிவந்தது. பேர் வந்தது. மேடை போட்டுக் கூப்பிட்டார்கள், பரிசு கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தில் அவள் தேற்றம் ஒரு பெட்டிக்குள் அச்சானது. தேற்றம் மட்டும்தான் பெட்டிக்குள். நிபந்தனைகள் அடிக்குறிப்பில், அதுவும் அடுத்த பக்கத்தில்.

அவளிடம் படித்தவர்களில் ஒருவனுக்கு அவளே வைத்த பட்டப்பெயர் சுருக்கம். எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டு, "நடுவுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லிடுங்க மேடம்" என்று வந்து நிற்பான். மூளைக்காரன், அதில் சந்தேகமில்லை. தேன் ஒழுகப் பேசுவான். படிப்பு முடிந்ததும் அவள் தேற்றத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனியில் சேர்ந்தான், பிறகு அந்தக் கம்பெனியின் தலைமைக்கே போனான். வெள்ளை நிறத்தில் சின்னச் சின்ன வேன்கள் ஊருக்குள் ஓட ஆரம்பித்தன. ஆஸ்பத்திரிக்கு, ரயில் நிலையத்துக்கு, கடைத்தெருவுக்கு. கதவின் மேல் 'கணித ரீதியாக நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது. மாஸ்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவரிடம், "இது எங்க வீட்டுக்காரம்மா கணக்கு. நடந்து காட்டினது நான்" என்று சொல்லிவிடுவார். கேட்டவர் ஒதுங்கிப் போவார்.

அவளுக்கு உறைத்த நாள் ஒரு சாதாரணக் காலை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பாடம் தயாரித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவளுடைய நிபந்தனைகள். மாஸ்டர் கிளம்பினார், கண்ணாடிக்கு வந்தார், குடைக்கு வந்தார். மூன்றாவது தடவை வந்து கூடத்தின் நடுவில் நின்றார். அன்றைக்கு என்னவோ அவள் நிமிர்ந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். 'வந்த வழியே திரும்ப மாட்டார்' என்று திரையில் இருந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்கறே? எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எல்லாம் இரண்டாவது வாழ்க்கை என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வாழ்க்கையில் அந்த வரியை எழுதினாள். இரண்டாவது வாழ்க்கை முழுக்க அதை அழிக்கப் பார்த்தாள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைத்தெருவில் நின்றாள். யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்காமல், சும்மா பார்த்தாள். ஜனங்கள் திரும்பினார்கள். போன் வந்தால் திரும்பினார்கள், யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தால் திரும்பினார்கள். செருப்பு கழன்று திரும்பியவர்கள் உண்டு, கூட வந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டு பாதி ரோட்டில் முறைத்துத் திரும்பியவர்களும் உண்டு. ஒரு பெண் கைப்பிள்ளையின் ஒற்றைச் சாக்ஸுக்காகத் திரும்பினாள். மனிதப் பிறவி என்றால் திரும்பும் பிறவி என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

புதிய கணக்கைப் போட்டாள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால், வண்டி ஒருவர் முதுகுக்குப் பின்னால் நழுவிப் போகக் கூடாது. அவர் எதிர்ப் பக்க நடைபாதையில் ஏறும் வரை நின்று காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிக் காத்திருந்தால் வேன்கள் மெதுவாகப் போகும், பின்னால் வரிசை நிற்கும், போட்டிக் கம்பெனியின் வேன் முந்திக்கொண்டு போகும்.

கட்டுரையை அனுப்பினாள். 'புதுமை போதாது' என்று திருப்பினார்கள். வேறு இடத்துக்கு அனுப்பினாள். 'இதே பேராசிரியையின் முந்தைய ஆய்வு இந்தச் சிக்கலை ஏற்கெனவே தீர்த்துவிட்டது' என்று வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் பயந்துபோய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். நிதிக் குழுவுக்கு முன்னால் போய் நின்றாள். அங்கே ஒருவர், "ரோட்டுல பாதி தூரம் போயிட்டுத் திரும்பறது ரொம்ப அரிதான நிகழ்வு இல்லையா, மேடம்?" என்றார். சொல்லிவிட்டு, காரில் விட்டுவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துவர எழுந்து போனார். பிரேக்கம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை, ஆனால் நிதி மட்டும் வரவில்லை.

கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அலங்காரத்துக்கு. அங்கே போய் வாய் வலிக்கச் சொன்னாள்.

"மேடம், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றான் சுருக்கம். "அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

"போன வெர்ஷன்லயும் இதத்தானேப்பா சொன்னே?"

"அதனாலதான் சொல்றேன் மேடம். நான் மறக்கல."

அந்தக் கூட்டத்தின் குறிப்பில், 'பேராசிரியை எதிர்கால ஆய்வுக்கான சில திசைகளைச் சுட்டிக்காட்டினார்' என்று எழுதினார்கள். அவள் கத்தியிருந்தாள். மேஜையைத் தட்டியிருந்தாள். குழுவிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த கூட்டத்திற்கும் அழைப்பு வந்தது. விலகியதை யாரும் கவனிக்கவேயில்லை.

அப்படியே வருஷங்கள் ஓடின. அவளிடம் ஆராய்ச்சிக்குச் சேர மாணவர்கள் யோசித்தார்கள். நிறுத்துகிற வித்தை படித்தவனுக்கு எவன் வேலை கொடுப்பான்? மாடிப்படி அறையையும் ஒரு நாள் கேட்டார்கள், நாற்காலி அடுக்கி வைக்க. பாதி இடத்தைக் கொடுத்தாள். அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு யாரும் வெளியிடாத கணக்கைத் திருத்தித் திருத்தி எழுதினாள்.

மாஸ்டர் பணி ஓய்வு பெற்ற பிறகு நடந்தது அது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் படம் வரையும் தாள் வாங்கப் போனார். தாளின் சொரசொரப்பைப் பார்ப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றிக் கடை மேஜையில் வைத்தார். தாளை வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்க இறங்கினார். பாதியில் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த இடம் காலியாகத்தான் இருக்கும் என்று கணக்கு சொன்னதால், வெள்ளை வேன் ஒன்று அங்கே வந்துகொண்டிருந்தது. பேட்டரி வண்டி மாதிரி மெதுவாக அல்ல.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது பிரேக்கம்மா கட்டிலருகே நின்றிருந்தாள். அவர் உதட்டை நனைத்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்:

"சாரிம்மா. திரும்பிட்டேன்."

அந்தக் கார் நிறுத்துமிடத்தில் தொப்பியோடு உட்கார்ந்துகொண்டு சொன்ன அதே குரல். "உங்க தப்பு இல்லீங்க" என்றாள். "வண்டியோட தப்பு. அதுக்கு விவரம் பத்தல."

"இல்லம்மா. நீதான் அன்னிக்கே சொன்னியே, திரும்பாதீங்கன்னு."

"அது பேப்பருக்காகச் சொன்னதுங்க."

"அந்தப் பேப்பர வெச்சுத்தானே வண்டி ஓடுது? நான்தான் மறந்துட்டேன். எனக்குத்தான் மறதியாச்சே."

எத்தனை சொல்லியும் அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், விசாரிக்க வந்த அக்கம்பக்கத்தாரிடம், "என் தப்புதாங்க. பாதியில திரும்பிட்டேன். வண்டி பாவம், என்ன பண்ணும்?" என்றார். சிலர் ஆமோதித்தார்கள். அவள் அடுக்களையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இனி அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விசாரணைக் குழு போட்டிருந்தார்கள். அதன் முடிவில் அவர் மேல் தப்பில்லை என்று ஒரு வரி வர வேண்டும். பெண்டாட்டி சொன்னால் நம்பாதவர் அச்சடித்துக் கொடுத்தால் நம்புவார். அவளுடைய அச்சடித்த கட்டுரையை நம்பியவர்தானே.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. குளிரூட்டி அதிகமாக ஓடியது. தலைவர் போக்குவரத்துத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீல், அவர் பக்கத்தில் சுருக்கம். இன்னொரு பக்கம் மாஸ்டர், நடைவண்டியைப் பிடித்தபடி. திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள். மாஸ்டர் தன்னையே பார்த்தார். திரையில் அவர் நின்று பையைத் தட்டுகிறார். உட்கார்ந்திருந்த மாஸ்டரின் கையும் தானாகப் பைக்குப் போயிற்று.

வக்கீல் பிரேக்கம்மாவைப் பார்த்துக் கேட்டார். "இந்தத் தேற்றம் உங்களுடையதுதானே?"

"ஆமா."

"இன்று வரை யாராவது அது தவறு என்று காட்டியிருக்கிறார்களா?"

"இல்ல. ஆனா அதுல ஒரு நிபந்தனை—"

"தேற்றம் சரியா, தவறா? அதை மட்டும் சொல்லுங்கள்."

தவறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதை மறுத்துப் பேச விஷயம் தெரிந்தவன் ஒருத்தன்தான், அவனும் நடுப் பக்கத்தைப் படித்தவன் இல்லை. ஆனால் கணக்கைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க எதைச் சொன்னாலும் நிரூபித்துவிட்டுச் சொன்ன வாய்.

"சரி" என்றாள்.

"வீடியோவில் உங்கள் கணவர் திரும்புகிறாரா?"

"திரும்புறாரு."

"நன்றி, மேடம். அவ்வளவுதான்."

"அவ்வளவு இல்ல சார்!" அவள் எழுந்துவிட்டாள். "மனுஷன் திரும்பத்தான் செய்வான். அந்த நிபந்தனை வண்டிக்கு எழுதினது, மனுஷனுக்கு இல்ல. இது பொருந்தாத இடத்துல வண்டிய விடாதேன்னு அர்த்தம். திரும்பற மனுஷன் இருக்கிற ரோட்டுல அத விட்டது யாரு? அதக் கேளுங்க. அதுக்கப்புறம் நான் போட்ட கணக்கு இருக்கு, அதப் பாருங்க."

தலைவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உட்காருங்கம்மா. நீங்க சொல்ற அந்த ஆய்வு எங்கயும் வெளியாகல. வெளியாகாததை நாங்க ஏத்துக்க முடியாது. அதோட, நீங்க அவர் மனைவி. நாளைக்கு யாராவது கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?"

"அப்ப என்னோட பழைய ஆய்வ மட்டும் எப்படி ஏத்துக்கறீங்க? அப்பவும் நான் அவருக்குப் பெண்டாட்டிதானே?"

தலைவர் ஃபைலை மூடினார். வக்கீல் சின்னதாகச் சிரித்தார். மாஸ்டர் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து மெதுவாக இழுத்தார். "விடும்மா" என்றார். "உன் கணக்கு சரின்னு எல்லாரும் சொல்றாங்க. நல்லதுதானே?" அவர் முகத்தில் பெருமைகூட இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் சுருக்கம் ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் என்று சொல்லிவிட முடியாது. "மேடம், மாஸ்டருக்கு என்ன வேணும்னாலும் என்னைக் கேளுங்க. எந்த டாக்டர் வேணும்னாலும்..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நடுவுல இருக்கிறதப் படிச்சியா, ஒரு தடவையாவது?"

அவன் தரையைப் பார்த்தான். "அடுத்த வெர்ஷன்ல..." என்று தொடங்கி, தான் சொல்வது தன் காதிலேயே விழுந்ததால் நிறுத்திக்கொண்டான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவன்மேல் கொஞ்சம் பாசம் மிச்சம் இருக்க வேண்டும், அது தீர்ந்துவிட்டிருந்தது.

முடிவு வந்தது. 'வாகனம் நிரூபிக்கப்பட்ட முறைப்படியே இயங்கியுள்ளது. கடந்தவர் எதிர்பாராத விதமாகத் திரும்பியதே விபத்துக்குக் காரணம்.' மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். மடித்து வைத்தார். "நான்தான் சொன்னேனேம்மா" என்றார். எதிர்பாராத விதமாம். அவர் திரும்புவதை அவள் கல்யாணமான நாளிலிருந்து நித்தமும் எதிர்பார்த்திருக்கிறாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அவர் திரும்பி வருவதற்குள் பொங்காது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அதை எந்தக் குழுவிடம் போய் நிரூபிப்பது?

சில வாரங்களில் ஆஸ்பத்திரி முனையில் ஒரு பலகை நட்டார்கள். பிறகு கடைத்தெருவில், ரயில் நிலையத்தில், எல்லா இடத்திலும். ஒரு மனித உருவம், ஒரு அம்புக்குறி, கீழே பெரிய எழுத்தில் 'கடக்கத் தொடங்கிய பின் திரும்பாதீர்.' வண்டிக்கு எழுதிய வரியை மனிதனுக்கு மாட்டிவிட்டார்கள். வேன்கள் அப்படியே ஓடின. மாஸ்டரை மருத்துவரிடம் கூட்டிப் போன அன்று இருவரும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றார்கள். அவள் உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, "கால் ரெண்டையும் ஒரே பக்கமா வரைஞ்சிருக்கான். இப்படி நடந்தா விழுந்துடுவான்" என்றார். பிறகு "வாம்மா" என்று சொல்லிவிட்டு, நேராகப் பார்த்தபடி, விடுவிடுவென்று கடந்தார். நடைவண்டி சாலையில் தடதடத்தது. இடுப்பு வலித்திருக்கும். நிற்கவேயில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். மறுநாள் சாயங்காலம் மாஸ்டர் கிளம்பினார். செருப்பை மாட்டினார். "வரேம்மா" என்றார். பிரேக்கம்மா சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். அவருடைய மூக்குக் கண்ணாடி மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் சொல்லவில்லை. வரட்டும் என்று காத்திருந்தாள். மனசுக்குள் ஏதோ லேசாகக்கூட ஆயிற்று. இப்போது வருவார், கூடத்தில் நின்று திருதிருவென்று விழிப்பார், "இன்னொரு தடவை வருவீங்கல்ல?" என்று கேட்கலாம்.

நடைவண்டியின் சத்தம் கேட் வரை போயிற்று. நின்றது. அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். மாஸ்டர் சட்டைப் பையைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். கை அங்கேயே நின்றது. தோள் கொஞ்சம் திரும்பியது, வீட்டுப் பக்கம். பிறகு அந்தத் தோள் பழையபடி நேரானது. நடைவண்டியை முன்னால் நகர்த்தி, அவர் தெருவில் நடக்க ஆரம்பித்தார்.

"என்னங்க! கண்ணாடி!"

"பரவாயில்லம்மா" என்றார், திரும்பாமலே. "நேராவே போயிடறேன்."

அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் நடந்துகொண்டே இருந்தார். கண்ணாடியைக் கொடுக்க அவள் அவரைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போய் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.